பூந்திக்கொட்டையும் பதினொரு கப்பி மீன்களும்

மொட்டைமாடியில் ஒரு தாமரைத் தொட்டி வைத்திருக்கிறேன். தொட்டி என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது விளிம்பு உடைந்த பழைய நீல டிரம். பாதியாக அறுத்து, அடியில் ஒரு சாண் களிமண் போட்டு, கிழங்கு ஊன்றியது. நூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வரும், கொசுவுக்கு மருந்தடிக்க மனசில்லை. அதனால் கப்பி மீன்கள் விட்டிருந்தேன். பெரியவை பதினொன்று. குட்டிகளை எண்ண முடியாது, இலைக்கடியில் தூசு மாதிரி ஓடும். போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரோடு மாடிக்குப் போனால், பதினொன்றும் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை நுரை, ஓரமாக ஒதுங்கி, தாமரை இலையின் காம்பைச் சுற்றி வளையம் கட்டியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நான் செய்தது இதுதான். மாடித் தரையில் பாசி பிடித்து வழுக்கியது. பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீரை ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். வேலை முடிந்தபோது வாளியில் கால் பாகம் மிச்சம் இருந்தது. வெயிலில் தொட்டித் தண்ணீரும் நாலு விரல் இறங்கியிருந்தது. இயற்கைதானே என்று நினைத்து வாளியைத் தொட்டியில் கவிழ்த்தேன். அந்த ‘இயற்கைதானே’ என்ற ஒரு சொல் அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

மணியடித்துக்கொண்டு வரும் மூன்று சக்கர வண்டி

நான் இந்தப் பூந்திக்கொட்டை மார்க்கத்துக்கு வந்த கதையும் ஒரு விபத்துதான். எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை மூன்று சக்கர வண்டியில் ஒருவர் மணியடித்துக்கொண்டு வருவார். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்பு ஆயில், விளக்குமாறு. பாட்டில்களில் லேபிள் இருக்காது, மூடியின் நிறத்தை வைத்துத்தான் எது எதென்று தெரியும். அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை அதிகம். நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு முந்தின வாரம், குளியலறையைக் கழுவுகிறேன் என்று நான் இறங்கினேன். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவைத்தேன். கறை போகிற மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றினால் சீக்கிரம் போய்விடும் என்று ஊற்றினேன்.

அடுத்த நொடி என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. கண் எரிந்தது, மூச்சு உள்ளே போகவில்லை, இருமல் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கூடத்தில் வந்து விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குள் விட்டார்களே, அதே வாயு. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் 170-க்கு மேல் வாங்கிய ஆள் நான். அந்தச் சமன்பாடு எழுதி மார்க் வாங்கியதும் நினைவிருக்கிறது. ஆனால் தாளில் எழுதிய குளோரினும் குளியலறையில் இருக்கும் குளோரினும் ஒன்றுதான் என்பது அன்று உறைக்கவில்லை. ஆவி பிடித்து, மூன்று நாள் தொண்டை கட்டி, அப்புறம் சரியானது. அன்றைக்கே ஆசிட், பிளீச்சிங், பினாயில் மூன்றையும் வீட்டை விட்டு ஒழித்தேன். ‘இனிமேல் இந்த வீட்டில் கெமிக்கல் கிடையாது’ என்று அறிவித்தேன். புதிதாக மாலை போட்டவனின் வைராக்கியம்.

சமையலறைச் சோதனைச்சாலை

பிறகு நடந்ததெல்லாம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். நாட்டு மருந்துக்கடையில் ஒரு கிலோ பூந்திக்கொட்டை. கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இரவு ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து, கையால் பிசைந்து வடிகட்ட வேண்டும். கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். அதன் வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. புளித்த ஆப்பிளும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் நாலாம் நாள் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் விருந்தாளி யாராவது பானகம் என்று நினைத்து எடுப்பார்கள். என் மைத்துனர் ஒருவர் எடுத்தார். நல்லவேளை, மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்தது பயோ என்சைம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சமையலறைச் சுவர் முழுக்கச் சாத்துக்குடித் தோல் ஒட்டியிருந்தது. அந்தச் சுவரைக் கழுவ எதைப் பயன்படுத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்று, அந்த நீர் குழாயில் படியும் உப்புக்கறையை நன்றாகவே எடுத்தது. என்சைம் என்று பெயர் சொன்னாலும் வேலை செய்வது அதில் ஊறியிருக்கும் புளிப்புதான், வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அந்தக் கதைதான். அங்கே புளியின் டார்டாரிக் அமிலம், இங்கே இது.

ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவைப்பதையும் செய்து பார்த்தேன். பார்க்க அழகு. ஆனால் ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கரியமில வாயு நுரைத்துப் போன பிறகு மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆப்பசோடா தனியாக, உப்புக்கறைக்கு வினிகர் தனியாக என்று வைத்துக்கொண்டால் இரண்டும் உபயோகம். சேர்த்தால் வேடிக்கை மட்டும்தான்.

இந்த மாற்றத்தில் நான் கடைசியாகக் கவனித்த விஷயத்தை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பது நான் இல்லை. காலையில் வேலைக்கு வரும் அக்காதான். திண்டிவனம் பக்கம் ஊர், என்னைவிட பத்து வயது பெரியவர். கொள்கை என்னுடையது, அதைக் கையால் செய்து முடிக்க வேண்டியது அவர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிய தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, “கை வெச்சுப் பாரு தம்பி” என்றார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. “எரிச்சல் இல்ல, அது நெசந்தான். ஆனா ஒரு தட்ட மூணு தடவ தேய்க்கிறேன். எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்குது” என்றார்.

அவருடைய உள்ளங்கையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ரேகைகள் ஓரமாக வெடித்து, கட்டைவிரல் மடிப்பில் ஒரு பிளவு. சோப்புத்தூளும் சோப்பு ஆயிலும் தோலின் எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடுகின்றன. பூந்திக்கொட்டைக்கு மாறியதில் அந்தப் பிளவு கொஞ்சம் ஆறியிருந்தது. ஆனால் தோள்பட்டை வலி கூடியிருந்தது. இரண்டில் எது தேவலை என்று நான் எப்படி முடிவு செய்வது? ‘மாதச் சம்பளத்தில் ஐந்நூறு கூட்டுகிறேன்’ என்றேன். கூட்டினேன். அது சரியான பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை. இயற்கை முறை, பாட்டி முறை என்று எழுதுகிற யாரும் அந்தத் தேய்ப்பை யார் தேய்ப்பது என்று எழுதுவதில்லை. நானும் அதற்கு முன்பு இரண்டு கட்டுரை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

“அதப் போட்டுத்தான மீன் புடிப்பாங்க”

சரி, மீன்களுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கா வரவில்லை. நான் தேநீர் வடிகட்டியால் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து ரோஜாத் தொட்டியில் புதைத்தேன். வெயில் காரணமாக இருக்கும், இல்லை காக்கா ஏதாவது போட்டிருக்கும் என்று என்னென்னவோ நினைத்தேனே தவிர, வாளி நினைவுக்கே வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அக்காவிடம் சொன்னேன். “நேத்து முந்தாநேத்து எதனா ஊத்துனியா?” என்று கேட்டார். பூந்திக்கொட்டைத் தண்ணி மட்டும்தான் என்றேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். “ஐய தம்பி, எங்கூரு பக்கம் கோடையில குட்டையில தண்ணி வத்துறப்ப காரக்காய இடிச்சுப் போட்டுத்தான மீன் புடிப்பாங்க. நொர வரும், மீனு எல்லாம் மேல வந்து வாயப் பொளக்கும். கையால அள்ளலாம். நொர வர்ற காயி எல்லாம் மீனுக்கு ஆவாது.”

நுரை வரும் காய் எல்லாம் மீனுக்கு ஆகாது. ஒரே வரியில் முடிந்துவிட்டது. அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். பூந்திக்கொட்டையில் நுரைப்பது சபோனின். காரைக்காயில் இருப்பதும் சீயக்காயில் இருப்பதும் அந்த வகைதான். எண்ணெயும் தண்ணீரும் சேராது. இரண்டையும் இரு கையால் பிடித்து இழுத்து வருகிற தரகர் வேலை சபோனினுக்கு. தட்டில் ஒட்டிய எண்ணெயை அது எப்படிப் பெயர்க்கிறதோ, அப்படியே மீனின் செவுளில் இருக்கும் மெல்லிய சவ்வையும் சிதைக்கிறது. அந்தச் சவ்வின் வழியாகத்தான் மீன் மூச்சு விடுகிறது. உள்ளே போய் ரத்தத்தின் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. குளியலறையில் நான் இருமிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அவற்றுக்கு ஓட ஒரு கூடம் இல்லை.

ஒரத்தநாட்டுப் பக்கம் மீன் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்த வாரம் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “இலுப்பைப் புண்ணாக்கு தெரியுமா?” என்றார். தெரியாமல் என்ன, சின்ன வயதில் எண்ணெய் தேய்த்தால் அம்மா தலையில் தேய்த்து விடுவது. “குளத்துல குஞ்சு விடுறதுக்கு முன்னாடி கெண்டையத் திங்கிற விரால், கெளுத்தியெல்லாம் ஒழிக்கணும்ல, அதுக்கு நாங்க போடுறது அதுதான். ஹெக்டேருக்கு 2500 கிலோ. சில மணி நேரத்துல எல்லாம் மேல வந்துடும். ரெண்டு மூணு வாரம் விட்டா விஷம் முறிஞ்சு அதே புண்ணாக்கு உரமாயிடும், தண்ணி பச்சை பிடிக்கும். அப்புறம் குஞ்சு விடுவோம்.” இறால் பண்ணைக்காரர்கள் இதே வேலைக்குத் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுவார்களாம். அதிலும் சபோனின்தான். மீன் சாகும், இறாலுக்கு ஒன்றும் ஆகாது.

போனை வைத்த பிறகும் அந்த ‘ரெண்டு மூணு வாரம்’ மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. மக்கும், மக்கும் என்று பாட்டில்களில் பச்சை இலை போட்டு எழுதியிருக்கிறதே, எத்தனை நாளில், எங்கே மக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மக்கக்கூடியதுதான், சந்தேகமில்லை. மக்குவதற்கு முன்னால் பதினொன்றைக் கொன்றுவிட்டு மக்கும். அதே வாளியைக் கீழே முருங்கை மரத்தடியில் கவிழ்த்திருந்தால் மண்ணுக்குள் போய், நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். யாரும் செத்திருக்க மாட்டார்கள். பொருள் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். கவிழ்த்த இடம்தான் வேறு.

சேம்பர் மூடியைத் திறந்தபோது

இடம்தான் விஷயம் என்றால், என் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது? பதினேழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், பதில் தெரியாது. செப்டிக் டேங்குக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேடவாக்கத்தை ஒட்டிய எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. லாரி வந்துதான் உறிஞ்சும். எங்கள் வீட்டுக்கு லாரி வந்து மூன்று வருடம் ஆகிறது என்று அம்மா பெருமையாகச் சொல்வார், என்னமோ எங்கள் டேங்குக்கு மட்டும் தனி வரம் கிடைத்த மாதிரி. ஒரு சனிக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டு, பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பச் சொன்னேன். சமையலறைத் தொட்டியில் மஞ்சள் கரைத்து ஊற்றிவிட்டு இருவரும் குனிந்து நின்றோம். டேங்குக்குப் போகும் குழாயில் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. தெருப்பக்கம் போகும் குழாயில் வந்தது. “கட்டும்போதே இப்படித்தான் சார் விட்டிருக்காங்க. டேங்க் சீக்கிரம் ரொம்பக்கூடாதுன்னு கிச்சன், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் மழைத்தண்ணி காவாயில விட்டுருவாங்க. இந்தத் தெருவுல எல்லார் வீடும் இதே கதைதான்” என்றார். வரத்தின் ரகசியம் தெரிந்தது.

மழைநீர் வடிகால் என்றால் என்ன, எங்கே போகும்? எங்கள் பக்கத்துத் தண்ணீர் எந்த வழியில் சுற்றினாலும் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடித்தான் போகும். சுற்றிலும் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் வடிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. 2022-ல் அதை உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது நானும் சந்தோஷப்பட்டு நாலு பேருக்குச் செய்தி அனுப்பினேன். குளிர்காலத்தில் பைனாகுலரோடு போய்ப் பூநாரை பார்ப்பேன். பூநாரை நிற்கும் தண்ணீரில் என் வீட்டுச் சாம்பார் கழுவின தண்ணீரும் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

2017-ல் நொய்யலில் நுரை பொங்கி ரோட்டில் பறந்தபோது, ஊர் மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால்தான் நுரை என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. சாயப்பட்டறைகளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் குளிப்பவர்களைக் கைகாட்டியதற்கு அந்தச் சிரிப்பு தேவைதான். ஆனால் சிரித்த கையோடு நாம் நம் வீட்டுத் தண்ணீரைக் கணக்கிலிருந்து கழற்றிவிட்டோம். 2019 மழைக்காலத்தில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை முழுக்க நுரை ஒதுங்கி, குழந்தைகள் அதில் புரண்டு விளையாடியது நினைவிருக்கும். சுத்திகரிக்காத சாக்கடை மழையோடு அடித்துக்கொண்டு போய்க் கடலில் கடைந்த நுரை அது. அதில் பட்டறைக்காரர்களுக்குப் பங்கு இருக்கும். சோப்புத்தூள் போட்டுப் புடவை அலசிய வீடுகளுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த நுரைக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த முதல் தலைமுறைச் சோப்புத்தூள்களில் இருந்த மூலப்பொருளுக்குக் கிளை விட்ட சங்கிலி அமைப்பு. நுண்ணுயிர்களால் அதைக் கடிக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன, குழாயைத் திறந்தால் குடிதண்ணீரிலும் நுரை வந்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. 1965 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகளும் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறின. இன்றைக்கு நம் வீட்டுத் தூள்களிலும் திரவங்களிலும் பெரும்பாலும் இருப்பது அந்த நேர்ச்சங்கிலி வகைதான். அது மக்கும். ஆனால் மக்க ஆக்சிஜன் வேண்டும். ஓடுகிற ஆற்றில், காற்றூட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைக்கும். கறுத்து, மூடி, நாற்றமெடுத்துக் கிடக்கும் வடிகாலின் சகதியில் ஏது ஆக்சிஜன்? மறுபடியும் இடம்தான். கம்பெனி பாட்டிலில் எழுதியது பொய்யில்லை, அந்தப் பாட்டில் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மன்னார்குடிக் கொல்லை

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எனக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும், ஏதோ ஒரு வழக்கத்தில் அதைப் பொதிந்து வைத்திருப்பார்கள், அதை நான் கண்டுபிடித்து எழுத வேண்டும். “இலுப்பைப் புண்ணாக்கு தேச்சுக் குளிக்கிறப்ப குளத்துக்குப் போவீங்களாம்மா?” என்றேன். “போக மாட்டோம். கிணத்தடியிலதான்.” எனக்குப் புல்லரித்தது. “மீனுக்கு ஆகாதுன்னா?” அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மீனுக்கு என்னடா? எண்ணெய் தேச்சா வெந்நீர்ல குளிக்கணும். குளத்துல யாரு வெந்நீர் போட்டு வெச்சிருக்கா?”

கண்டுபிடிப்பு அத்தோடு போயிற்று. ஆனால் பேச்சு போகவில்லை. மன்னார்குடி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இடம் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கல். சாம்பலும் தேங்காய் நாரும். அந்தக் கல்லிலிருந்து ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணில் வாய்க்கால் கீறி, தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போகும். சாப்பிட்டது இலையில், இலை மாட்டுக்கு. சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் கழுநீர்ப் பானைக்கு, அதுவும் மாட்டுக்கு. கடைசியில் தேய்க்க மிஞ்சுவது நாலைந்து பாத்திரம், அதில் எண்ணெய் என்பது வாரத்துக்கு ஒருநாள் பொரித்தால் உண்டு. “சாம்பல் நல்லதாம்மா?” என்று கேட்டால், “நல்லது என்ன நல்லது, நகக்கண்ணெல்லாம் அரிச்சுத் தின்னும். மொதமொதல்ல பாத்திரம் தேய்க்கிற சபீனா பவுடர் வந்தப்ப எங்களுக்கெல்லாம் தீபாவளி மாதிரி இருந்துது. நீ ஒருநாள் கரிபிடிச்ச அண்டா தேச்சுட்டு வந்து எழுது” என்றார். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். எண்ணெயைத் தின்கிற காரம் கையையும் தின்னும்.

ஆக அந்தக் கொல்லையில் யாரும் இயற்கையைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கவில்லை. தண்ணீரைக் கிணற்றிலிருந்து கையால் இறைத்தார்கள், அதனால் குறைவாகச் செலவழித்தார்கள். வாழைக்குத் தனியாக இறைக்கச் சோம்பல், அதனால் கழுவின தண்ணீரை விட்டார்கள். மண் மீதியைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கொல்லையில் இன்றைய சோப்புத் திரவத்தை அரை ஸ்பூன் ஊற்றியிருந்தாலும் வாழை அதையும் குடித்துவிட்டுக் குலை தள்ளியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே என் சேம்பரில் சாம்பலைக் கரைத்து விட்டாலும் சதுப்பு நிலத்துக்குத்தான் போகும். ஆன்லைனில் சாம்பலைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன். பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டேன். சமையலறைக் குழாயைத் தெருவிலிருந்து துண்டித்து, எண்ணெய் நிற்க ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து காம்பவுண்டு ஓரத்தில் எட்டு அடி நீளத்துக்கு ஜல்லியும் மணலும் நிரப்பிய பள்ளத்துக்குத் திருப்பினோம். மேலே கல்வாழை. கூலி, சாமான் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ஆனது, இரண்டு வாரம் சந்து முழுக்கச் சேறு. வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவு தண்ணீரைக் குடிக்க எங்களிடம் மண் இல்லை. அது இன்னும் தெருவுக்குத்தான் போகிறது. தூளைப் பாதியாகக் குறைத்தேன், துணி அதே மாதிரிதான் வெளுக்கிறது. தட்டுகளைக் கழுவப் போடுமுன் பழைய செய்தித்தாளால் வழித்துவிடுகிறோம். இது நானும் பிள்ளைகளும் செய்கிற வேலை. பாத்திரத்துக்குக் கடைத் திரவம்தான், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்தது. அக்கா பீர்க்கங்காய் நாரை மட்டும் வைத்துக்கொண்டார், பச்சைத் தேய்ப்பானைவிட அது கைக்கு இதமாக இருக்கிறதாம். பூந்திக்கொட்டை இன்னும் அரைக் கிலோ இருக்கிறது. அம்மாவின் பட்டுப்புடவைக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. அலசின தண்ணீர் முருங்கைக்கு.

தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, களிமண்ணையும் மாற்றி, மாதக்கணக்கில் மீன் விடாமல் வைத்திருந்தேன். கொசுப்புழு நெளிய ஆரம்பித்தது. கார்த்திகையில் ஒரு நாள் அக்கா கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். உள்ளே ஏழெட்டுக் கப்பிகள், வாலில் ஆரஞ்சுப் புள்ளியோடு சுறுசுறுப்பாக. பேரன் பிடித்ததாம்.

“எங்க பிடிச்சான் அக்கா? உங்க வீட்டுப் பக்கம் குளம் இருக்கா?”

“கொளமா? உங்க தெரு முனையில, மழத்தண்ணி காவாயிலதான். அங்க கொள்ள கொள்ளயா இருக்குது.”

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் லேசாகக் கலங்கி, மேலே இரண்டு மூன்று சோப்புக் குமிழிகள். ஒரு கப்பி மேலே வந்து குமிழியை முட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போனது. அக்கா, “அப்பிடியே கொட்டிடாத தம்பி, பாட்டிலோட கொஞ்ச நேரம் மெதக்க வுடு” என்றார். மிதக்க விட்டேன்.